பின் சீட்டில் கேட்ட வார்த்தை

ஏற்காடு,
ஆவணி மாதம், விடாத மழை.

என் கண்ணு பானுவுக்கு உன் பெரியப்பன் கருப்பண்ணன் ஆசீர்வாதம் பண்ணி எழுதுவது. சேர்வராயன் சாமி புண்ணியத்தில் நானும் உன் பெரியம்மா வீராயியும் இருமலும் சளியுமாக இருந்தாலும் எழுந்து நடமாடுகிற அளவுக்கு இருக்கிறோம், நீயும் அந்தச் சீமைக் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பு இளைக்காமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். முதல் விஷயம், நடந்தது அத்தனையும் நான் முன்னாலேயே சொன்னதுதான். எஸ்டேட்டை விற்பார்கள் என்று சொன்னேன், விற்றார்கள். சில்வர் ஓக் மரங்களுக்குச் சுண்ணாம்பில் நம்பர் போட்ட அன்றைக்கே வேலைக்காரர்கள் இருக்கிற லைன் வீடுகளுக்கும் நம்பர் வந்துவிட்டது என்று சொன்னேன், வந்தது. இந்த மலையில் கருப்பண்ணனைக் கேட்காமல் மழைகூடப் பெய்யாது என்று எஸ்டேட் முதலாளி பெரியய்யா விருந்தாளிகளிடம் சொல்லுவார், அது சும்மா இல்லை. போன மாதம் போனில் உன்னிடம் வீடு நமக்குத்தான், பின்னால் இருக்கிற பட்டர் ஃப்ரூட் மரமும் நமக்குத்தான் என்று சொன்னேனே என்று நீ கேட்கலாம், அது நீ அங்கே தூக்கம் கெடக்கூடாது என்று சொன்னது. மனசுக்குள் எனக்கு எல்லாம் தெரியும்.

இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் நீ அப்புறம் பெரியப்பா என்கிறாய், நான் அப்புறம் கண்ணு என்கிறேன், அதிலேயே சார்ஜ் தீர்ந்துபோகிறது. அதனால்தான் தாளும் பேனாவும். இதை ஒண்டிக்கடை முக்கில் இருக்கிற ஜெராக்ஸ் கடை மாதேஷிடம் கொடுத்தால் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உன் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுவான், என் பட்டன் போனுக்கு அந்த வேலை தெரியாது. அனுப்புவதற்கு முன்னால் அவன் ஒரு தடவை படித்துவிடுவான், படித்ததை டீக்கடையில் போய்ச் சொல்லியும்விடுவான், அதனால் கையெழுத்தைக் கொஞ்சம் அழகாகவே எழுதுகிறேன். எட்டாவதோடு நிறுத்தினாலும் என் எழுத்தைப் பார்த்துவிட்டு எஸ்டேட் ரைட்டரே பேனாவைக் கீழே வைத்தவர் என்பது உனக்குத் தெரியும்.

நீ ஞாயிற்றுக்கிழமை சொன்ன விஷயத்துக்கு வருகிறேன், அதற்காகத்தான் இந்தக் கடிதமே. நீ வேலை பார்க்கிற முதியோர் இல்லத்தில் உன் விசாப் பேப்பர் முடியப்போகிறது, வேறு ஊரில் இருக்கிற இன்னொரு இல்லத்துக்காரர்கள் வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம், பேப்பரும் நாங்களே போடுகிறோம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டார்கள், மாசக் கடைசிக்குள் நீ பதில் சொல்ல வேண்டும். ஆனால் உன் மேனேஜரம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு ஐ ஹேவ் எ சாஃப்ட் ஸ்பாட் ஃபார் யூ என்று சொன்னாள், கவலைப்படாதே பார்த்துக்கலாம் என்றாள், அதனால் அந்த இன்னொரு வேலையை வேண்டாம் என்று எழுதப்போகிறேன் என்றாய். அதோடு விடாமல், பெரியய்யா மகன் பேச்சை எடுத்து, "சின்னய்யா உங்ககிட்டச் சொன்ன அதே வார்த்தைங்க பெரியப்பா, அச்சு அசலா அதே வார்த்தை" என்று நீ சந்தோஷமாகச் சிரித்தாய் பார், அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் பெரியம்மா, "ஏனுங்க, நெஞ்சுல என்ன அடைக்குது, கொழம்பா, இல்ல வேற எதாச்சுமா"ன்னு கேட்டாள். மழைக்கு ஆகவில்லை என்று சொல்லிவிட்டேன்.

கண்ணு, நீ காலேஜ் படித்தவள், அந்த வார்த்தைக்கு அர்த்தம் உனக்குத் தெரியும். மனசில் உனக்கென்று மெத்தென்று ஒரு இடம் வைத்திருக்கிறேன், உன்மேல் ஒரு பிரியம் என்று அர்த்தம். அது எல்லாப் புத்தகத்திலும் போட்டிருப்பான். ஆனால் அதை யார், யாரிடம், எந்த நேரத்தில், எதற்கு முன்னால் சொல்லுவார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை, அது ஜீப்பின் பின் சீட்டில் இருக்கிறது. நான் படித்த இங்கிலீஷ் முழுக்கப் பின் சீட்டு இங்கிலீஷ். கண் ரோட்டில் இருக்கும், காது பின்னால் இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் போய்ச் சேருவதற்குள் ஒரு டிகிரிக்கு உண்டான இங்கிலீஷ் காதில் விழுந்துவிடும். ஒரு தடவை பிரேக் பிடிக்காமல் போய்க் கியரிலேயே வண்டியை இறக்கினேன், அடிவாரத்து டீக்கடை முன்னால் நிறுத்தும்போது பெரியய்யா கையில் இருந்த டம்ளரில் டீ தளும்பவில்லை. ஓடுகிற ஜீப்பில் டீ டம்ளர் எப்படி வந்தது என்று உன் பெரியம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்.

அந்த வார்த்தையை நான் முதன்முதலில் கேட்டது பெரியய்யா வாயில்தான். சென்னையிலிருந்து வந்த ஒரு விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு போகிறோம், பின்னால் ஏதோ பேச்சு, திடீரென்று பெரியய்யா, ஐ ஹேவ் எ சாஃப்ட் ஸ்பாட் ஃபார் திஸ் ஓல்ட் ஃபெல்லோ, வெரி ஃபெய்த்ஃபுல் என்றார். எனக்கு நெஞ்சு விரிந்து ஸ்டீயரிங்கில் முட்டியது. ஒரு கையால் மீசையை நீவிவிட்டுக்கொண்டு மேல் கண்ணாடியில் பார்த்தேன், அவர் கை நாயின் தலையில் இருந்தது. ராக்கிதான், உன் பாவாடையைக்கூட ஒரு தடவை கடித்ததே, அது. சரி, நாயைத்தான் சொன்னார் போகட்டும், ஆனால் இதைக் கேட்டுக்கொள், அந்த வார்த்தை வாங்கினவர்களிலேயே கடைசிவரை பங்களாவுக்குள் படுத்தது அந்த நாய் ஒன்றுதான். நாய்க்கு அந்த வார்த்தை புரியாது, அதனால் அது அதை நம்பவில்லை, தட்டில் கறி விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

பங்களாவில் சமையல் பார்த்த இன்பமேரியை உனக்கு ஞாபகம் இருக்கும், கிறிஸ்துமஸுக்கு உனக்கு முழு கேக்கை முந்தானையில் மறைத்துக் கொண்டுவந்து கொடுப்பாளே. அவள் வைத்த ஸ்டூவைச் சாப்பிட்ட ஒரு ஹோட்டல்காரர், சென்னையில் எங்கள் சமையல்கட்டுக்கு வந்துவிடு, தங்க இடம், மகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் நாங்களே என்று கூப்பிட்டார். அவளும் பெட்டி கட்டிவிட்டாள். மறுநாள் மார்க்கெட்டுக்குப் போகும்போது அவள் என் பக்கத்து சீட்டில், பெரியய்யா பின்னால். பாதி வழியில், இன்பமேரி, யூ நோ ஐ ஹேவ் எ சாஃப்ட் ஸ்பாட் ஃபார் யூ என்றார், அவ்வளவுதான். அவளுக்கு நல்ல இங்கிலீஷ் தெரியும், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு புதுப்பெண் மாதிரி வெட்கப்பட்டாள். பெட்டியைப் பிரித்துவிட்டாள். அப்புறம் முட்டி தேய்ந்து நிற்க முடியாமல் போனபோது பங்களாவுக்கு வேறு ஆள் வந்தாயிற்று, இவளுக்கு ஒரு சேலையும் பழத்தட்டும் கொடுத்து அதே ஜீப்பில் அனுப்பினார்கள், ஓட்டிக்கொண்டு போனவன் நான். இப்போது செம்மநத்தத்தில் தம்பி வீட்டில் ஒரு மூலையில் இருக்கிறாள். போன வாரம் போய்ப் பார்த்தபோது உன் விஷயத்தைச் சொன்னேன். "அண்ணே, அந்த வார்த்தைய நானும் ஒலையில போட்டு இத்தன வருசமா கொதிக்க வெச்சுட்டேன், ஒரு கரண்டி கஞ்சி வல்ல. கையெழுத்துப் போட்டுக் குடுத்தவன்கிட்டப் போவச் சொல்லுங்க புள்ளைய"ன்னு சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், பல் இல்லாத சிரிப்பு, எனக்குத்தான் அங்கே உட்கார முடியவில்லை.

அதனால் நான் கண்டுபிடித்த விதி இதுதான் கண்ணு, எந்த வாத்தியாரும் சொல்லித்தரமாட்டார். நிஜமாகவே பிரியம் இருந்தால் அந்த வார்த்தையை உனக்கு முதுகுக்குப் பின்னால் சொல்லுவார்கள், நாலு பேர் இருக்கிற இடத்தில், உனக்கு ஒரு காரியம் ஆக வேண்டிய இடத்தில் சொல்லுவார்கள். முகத்துக்கு நேராகச் சொன்னால் ஒன்று நீ எதையோ கேட்டுவிடுவாய் என்ற பயம், இல்லை நீ எங்கேயோ போய்விடுவாய் என்ற பயம். உன் மேனேஜரம்மா நல்லவளாகவே இருக்கட்டும், நான் குறை சொல்லவில்லை. நீ போகப்போகிறாய் என்று தெரிவதற்கு முன்னால் ஒரு நாளாவது அந்த வார்த்தையைச் சொன்னாளா, யோசித்துப் பார்.

இங்கே பட்டர் ஃப்ரூட் காலம் முடியப்போகிறது. ஒண்டிக்கடையில் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் காரில் வருகிறவர்கள் ஒவ்வொரு பழமாக எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார்கள், ஆகா ஆகா என்பார்கள், வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அமுக்கின இடம் சாயங்காலத்துக்குள் மெத்தென்று ஆகும், மறுநாள் கறுத்துப்போகும், அப்புறம் அதை யாரும் தொடமாட்டார்கள். "அமுக்கறவன் வாங்கறதில்ல, வாங்கறவன் அமுக்கறதில்ல, காம்பப் பாத்தே எடுத்துப் பையில போட்டுக்குவான்" என்று உன் பெரியம்மா சொல்லுவாள். அவளுக்கு இங்கிலீஷில் ஏ பி சி தெரியாது, ஆனால் நீ சொன்னதை அவளிடம் சொன்னபோது, "பிரியப்படறவ கையில என்ன வெச்சிருக்கறான்னு பாக்கச் சொல்லுங்க, வாயில என்ன வெச்சிருக்கறான்னு பாக்க வேண்டாம்"ன்னு ஒரே போடாகப் போட்டாள். நான் இரண்டு பக்கம் எழுதியதை அவள் ஒரு வாயில் சொல்லிவிட்டாள் என்று நினைக்காதே, என்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் அவளுக்கு இந்த அறிவு வந்தது.

இனி நம் வீட்டுக் கதை. ஆடி கடைசியில் சின்னய்யா ஜீவா எஸ்டேட்டைக் கைமாற்றிக் கொடுக்க வந்தார், வாங்கினது பெங்களூர்க்காரர்கள், ரிசார்ட் கட்டப்போகிறார்கள். நம் மரத்தில் முதல் பழம் இறக்கினால் பங்களாவுக்கு ஒரு கூடை போய்விட்டுத்தான் நம் வாய்க்கு என்பது நம் வழக்கம், உனக்குத் தெரியும், அழுது புரண்டாலும் உனக்கு இரண்டாவது கூடைதான். பெரியய்யா காலமான பிறகு பங்களா பூட்டிக் கிடந்ததால் வழக்கம் நின்றிருந்தது. சின்னய்யா வருகிறார் என்றதும் காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கூடையோடு கேட்டுக்குப் போனேன். அந்தப் பையன் சின்ன வயசில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பான், என் துண்டில்தான் வாய் துடைப்பான், என்னைப் பார்த்தால் லைன் வீடும் மரமும் இருக்கிற அந்தத் துண்டு இடத்தை மட்டுமாவது நமக்கு விட்டுவைக்கச் சொல்லிப் பேசுவான் என்று எனக்கு அடித்துச் சொல்கிற நம்பிக்கை. கார் நின்றது. கண்ணாடியை இறக்கினார், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், என் கையைப் பிடித்துக்கொண்டு, கருப்பண்ணா, ஐ ஆல்வேஸ் ஹேட் எ சாஃப்ட் ஸ்பாட் ஃபார் யுவர் ஃபேமிலி என்றார். கண்கூடக் கலங்கியது, போனில் உன்னிடம் அதைச் சொல்ல விட்டுவிட்டேன். அடிவாரத்தில் அவர்களுக்கு இருக்கிற இடத்தில் நமக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுப்பேன் என்று சொல்லாமல் சொன்ன மாதிரியும் இருந்தது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். சூப்பர்வைசர் வந்து காலி பண்ணச் சொன்னார், பண்ணினோம். ஜேசிபி வந்தது. வீராயி வைத்த மரம், பிஞ்சும் காயுமாக இருந்தது, ஒரே தள்ளில் வேரோடு சாய்ந்தது, காயெல்லாம் சரிவில் உருண்டு போயிற்று, குரங்குகூட அன்றைக்கு அந்தப் பக்கம் வரவில்லை. உன் பெரியம்மா அழவில்லை, "நல்ல வேளை, புள்ள இங்க இல்ல" என்று மட்டும் சொன்னாள். இப்போது ஒண்டிக்கடைக்குப் பின்னால் தகரம் போட்ட ஒற்றை அறையில் இருக்கிறோம். மழை பெய்தால் பேசுவது கேட்காது, அதுவும் ஒரு வசதிதான், அவள் திட்டுவது பாதி என் காதில் விழுவதில்லை. நீ இதற்காக அழவேண்டாம், நான் ராஜா மாதிரிதான் இருக்கிறேன், ஜன்னலைத் திறந்தால் ஏற்காடே என் காலடியில் இருக்கிறது. ஜன்னல் சின்னது, அதனால் கொஞ்சம் ஏற்காடுதான் தெரியும்.

உன் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே, "எல்லாத்தையும் எழுதுங்க, புள்ளைக்காச்சும் எல்லாத்தையும் எழுதுங்க" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிவிட்டாள். எல்லாத்தையும்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். அவள் அடுத்த பூண்டை எடுத்துக்கொண்டாள்.

ஆகையால் கண்ணு, உன் பெரியப்பன் சொல்லைக் கேள், மேனேஜரம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அந்த வேறு ஊர் இல்லத்துக்குச் சரி என்று எழுதிவிடு. என் கதை வேறு, சின்னய்யா சொன்னது அப்பா காலத்துப் பழக்கத்தில் சொன்னது, அவர் எனக்கு ஏதாவது செய்யத்தான் போகிறார், அதை உன் கதையோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. ஈரத் தலையோடு வெளியே போகாதே. அங்கே வயசானவர்களைத் தூக்கும்போது இடுப்பைக் கொடுக்காதே, காலை அகட்டி வைத்துத் தூக்கு. வெள்ளிக்கிழமை விளக்கு வைக்க முடியாவிட்டாலும் லைட்டையாவது போட்டுக் கும்பிட்டுக்கொள். பெரியம்மா மிளகும் காபித்தூளும் கட்டி வைத்திருக்கிறாள், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்துவிடுகிறோம். சேர்வராயன் உனக்கு மேலும் கீழும் காவல் இருப்பான், நீ போகிற இடமெல்லாம் நெல்லும் நீரும் மாதிரி நிறைந்திருக்க வேண்டும் சாமி. மாசக் கடைசி என்பதை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன்னை வளர்த்த பெரியப்பன்,
சி. கருப்பண்ணன், எஸ்டேட் டிரைவர் (ஓய்வு).

கையெழுத்துப் போட்ட பிறகும் தாளில் இடம் இருக்கிறது. பெரியம்மா விளக்கை அணைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நீ கெட்டிக்காரி, இதைப் படித்துவிட்டு, உங்களுக்குச் சொன்னது மட்டும் நிஜம், எனக்குச் சொன்னது மட்டும் பொய்யா பெரியப்பா என்று கேட்பாய். அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு மாசக் கடைசியை விட்டுவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இன்பமேரி கதை நிஜம், நாய்க் கதையும் நிஜம், ஆனால் அந்தக் கார்க் கண்ணாடி இறங்கவே இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன், அந்தக் கறுப்புக் கண்ணாடியில் என் முகம்தான் எனக்குத் தெரிந்தது. உள்ளே அவர் என்னைப் பார்த்தாரா, போனைப் பார்த்தாரா என்று தெரியாது. டிரைவர்தான் தன் பக்கத்துக் கண்ணாடியை நாலு விரல் அளவு இறக்கி, "தள்ளி நில்லு பெருசு, மிரர் உரசிடப்போவுது" என்றான். கூடையை அங்கேயே கேட் ஓரம் வைத்துவிட்டு வந்து, வழியில் கேட்டவர்களிடம் எல்லாம் அந்த வார்த்தையைச் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். அடிவாரத்தில் வீடு ஒன்றும் வரப்போவதில்லை. சாயங்காலம் உன் பெரியம்மா போய்க் கூடையை எடுத்துவந்து ஒண்டிக்கடையில் வைத்து விற்றாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கே வந்த பெண்கள், சின்னய்யா நெசமாவே அப்படிச் சொன்னாரா என்று கேட்டதற்கு, "ஆமாங்க, எங்கூட்டுக்காரரு கையப் புடிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு, நானும் பாத்தன்"னு சொன்னாளாம். கார் வந்த நேரத்தில் அவள் கேட் பக்கமே இல்லை கண்ணு.

அந்த வார்த்தையை அவர் சொல்லவில்லை, நான்தான் போட்டுக்கொண்டேன். தம்பி மாதேஷ், இந்தப் பக்கத்தையும் விடாமல் போட்டோ எடு.